மெட்ரோ வாட்டரில் மருந்து வாடை வந்தால் நல்லதா, கெட்டதா?

காலையில் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர், வரும் குழாயைத் திறந்ததும் லேசாக மருந்து வாடை அடித்தால் எங்கள் கீழ்வீட்டு அக்கா முகம் சுளிப்பார். "இன்னிக்கு ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிட்டாங்க" என்பார். அது குளோரின் வாடை. அது அறவே இல்லாத நாளில்தான் அக்கா கவலைப்பட வேண்டும். ஏன் என்பது, ஏரித் தண்ணீர் நம் வீட்டு சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வந்து சேரும் கதையைப் பார்த்தால் புரியும்.

1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகத்தான் சென்னைக்குள் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு நீரேற்று நிலையம் அமைந்த பிறகுதான் வடிகட்டிய தண்ணீர் என்ற பேச்சே வந்தது. அந்த வேலையை வடிவமைத்த பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் தி.நகர் மேட்லி சாலை இருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் உருவானது. இன்று செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரும், புழல் 30 கோடி லிட்டரும், கீழ்ப்பாக்கம் 27 கோடி லிட்டரும் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. வீராணம் தண்ணீர் நெய்வேலி பக்கம் வடக்குத்திலேயே சுத்தமாகி, குழாயில் சென்னை வரை வருகிறது.

இந்த நிலையங்களுக்குள் நடப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வேலைதான். கலங்கல் தண்ணீர்ப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். நிலையத்தில் அந்த இடத்தில் படிகாரம். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் தானாகப் படியாது. படிகாரம் அந்த விலக்கத்தைப் போக்குகிறது. முதலில் வேகமாகக் கலக்குவார்கள். அப்புறம் மெதுவாக, பாயசத்தைக் கிளறுவது போல. துகள்கள் ஒட்டிப் பஞ்சு பஞ்சாகத் திரளும், தெளிதொட்டியில் அடியில் இறங்கும்.

படிகாரம் எவ்வளவு போடுவது? நிரந்தரக் கணக்கு கிடையாது. ஆய்வகத்தில் ஐந்தாறு கண்ணாடிக் குவளைகளில் அன்றைய ஏரித் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் சேர்த்துக் கலக்கி, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்ப்பார்கள். பெருமழையில் ஏரி கலங்கினால் அளவு கூடும். கோடையில் பாசி பிடித்தால் ஆரம்பத்திலேயே ஒருமுறை குளோரின் சேர்ப்பதும் உண்டு.

தெளிந்த தண்ணீர் மணல் படுக்கை வழியாக இறங்கும். மணல் அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்திக் கழுவுவார்கள். கடைசியில், கிருமிகளைக் கொல்ல, குளோரின். நெம்மேலி, மீஞ்சூர் கடல்நீர் நிலையங்களின் கதை வேறு. அங்கே சவ்வு வழியாக உப்பை நீக்கிய பிறகு, தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்க சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சரி, இதில் நாம் கேட்டு வாங்க வேண்டியது என்ன? இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி தென்படவே கூடாது. கலங்கல் 1 அலகு, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 5 வரை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வழியில்லாவிட்டால் 2000 வரை. அப்புறம், மக்களைச் சேரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். சிறு குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சள் என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் போதும்.

அந்த 0.2-தான் விஷயமே. நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீருக்குக் காவல் அது ஒன்றுதான். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்க அழுத்தம் இருப்பதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில், விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியும். யாராவது மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். அது விதிப்படியும் தவறு, தெருவுக்கே நோய் இழுத்துவிடும் வேலையும்கூட. வழியில் அழுக்கு கலந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். அதனால்தான் வாடை இல்லாத தண்ணீரைச் சந்தேகப்படச் சொல்கிறேன்.

சம்ப்புக்குள் விழுந்த பிறகு பொறுப்பு நம்முடையது. ஒருமுறை எங்கள் வீட்டில் தண்ணீர் பழுப்பாக வந்தது. வாரியத்தைத் திட்டிக்கொண்டே மூடியைத் திறந்தால், அடியில் நான்கு விரல் சேறு. கழுவி எத்தனை வருடம் ஆனது என்று யாருக்கும் நினைவில்லை.

எனவே புகார் சொல்வதற்கு முன், தண்ணீர் விடும் நேரத்தில் சம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு டம்ளர் பிடியுங்கள், சம்ப்பிலிருந்து ஒரு டம்ளர் எடுங்கள். இரண்டாவது மட்டும் கலங்கல் என்றால் சம்ப்பைக் கழுவ ஆள் கூப்பிடுங்கள். முதலாவதிலேயே நாற்றமோ கலங்கலோ இருந்தால் அதைக் குடிக்க வேண்டாம், உடனே 044-45674567-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போகலாம். உங்கள் தெருவில் எடுத்த மாதிரிகளின் முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால் வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிவந்து, சம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயில் பிடித்துக் கொடுங்கள்.