‘70,877 கோடியைக் காணோம்’ என்று ஃபார்வர்ட் செய்பவர்களுக்கு

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் வந்துவிட்டது. “பீகாரில் 70,877 கோடி ஊழல்! சி.ஏ.ஜி. அம்பலம்! எந்த டிவியும் காட்டாது!” கீழே சிவப்பு முகம், அழுகை முகம், தேசியக் கொடி. அனுப்பியவர் ஒன்றுவிட்ட அண்ணன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வவுச்சர் பார்த்தவரே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? அரசுத் துறைகளின் கணக்கைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். குழுவில் பதில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். இனி லிங்க்கை அனுப்பினால் போதும்.

அந்த எண் பொய் இல்லை. பீகாரின் 2023-24 மாநில நிதிநிலை குறித்த சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை 2025 ஜூலையில் அந்தச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2024 மார்ச் 31 நிலவரப்படி 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் வரவில்லை, அவற்றுக்குரிய தொகை 70,877.61 கோடி ரூபாய் என்று அதில் இருக்கிறது. பஞ்சாயத்து ராஜ் துறை மட்டும் 28,154 கோடி, கல்வித் துறை 12,623 கோடி. ‘காணோம்’, ‘கொள்ளை’, ‘ஊழல்’ எல்லாம் அறிக்கையை வாசிக்காதவர்கள் சேர்த்துக்கொண்டவை.

பயன்பாட்டுச் சான்றிதழ் என்றால் என்ன? அலுவலகத்தில் எல்லோரும் யு.சி. என்போம். கல்யாணச் சமையல் செலவுக்கு மைத்துனர் கையில் மூன்று லட்சம் கொடுக்கிறீர்கள். விருந்து நன்றாகவே நடந்தது. மூன்று மாதம் கழித்தும் அவர் கணக்கு எழுதித் தரவில்லை. பணத்தை அடித்துவிட்டார் என்று ஊரில் சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆனால் அவர் அடிக்கவில்லை என்றும் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். மானியம் வாங்கிய அமைப்பு, “இந்தத் தொகையை இந்த வேலைக்குத்தான் செலவழித்தேன்” என்று கையெழுத்துப் போட்டுத் தரும் தாள்தான் யு.சி. அது வராத இடத்தில் நான்கு நிலைமைகள் இருக்கலாம். வேலை முழுதாக முடிந்து தாள் மட்டும் எழுதப்படாமல் கிடக்கலாம். பாதி வேலையோடு நின்றிருக்கலாம். பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் அப்படியே தூங்கலாம். யாராவது எடுத்தும் இருக்கலாம். இந்த நான்கில் எது என்று தணிக்கையாளருக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். சான்றிதழ் இல்லாததால் பணம் உரிய நோக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று உறுதி சொல்ல முடியவில்லை, கையாடலுக்கும் திசைதிருப்பலுக்கும் இடமிருக்கிறது என்கிறது அறிக்கை. இடமிருக்கிறது என்பது வேறு, நடந்துவிட்டது என்பது வேறு.

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். “பார்த்தீர்களா, வெறும் காகித விவகாரம், இதற்குப் போய் இவ்வளவு சத்தமா?” அவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். அந்த நிலுவையில் 14,452 கோடி ரூபாய் 2016-17க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரியது. இத்தனை வருடம் கழித்துப் போய்க் கேட்டால் என்ன நடக்கும்? செக்கில் கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பு ‘தேடப்பட்டு வருகிறது’, பயனாளிப் பட்டியல் அப்போதிருந்த தற்காலிக ஊழியரின் கம்ப்யூட்டரில் இருந்தது, அந்தக் கம்ப்யூட்டரே இப்போது இல்லை. அப்படிப்பட்ட நிலுவையைக் காகித விவகாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, திருட்டு என்று கத்தினால் என்ன நஷ்டம், கொஞ்சம் மிகைப்படுத்தினால்தானே ஜனங்களுக்கு உறைக்கும் என்று அண்ணன் கேட்டார். நஷ்டம் இருக்கிறது. ‘கொள்ளை’ என்று நீங்கள் குற்றம் சாட்டிய மறுகணமே அமைச்சருக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. “ஒரு பைசா கொள்ளை போகவில்லை. முடிந்தால் நிரூபியுங்கள்” என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். உங்களால் நிரூபிக்க முடியாது. அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. ஆளுங்கட்சி மேசையைத் தட்டும், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும், மறுநாள் செய்தி முடிந்தது. ‘சான்றிதழ் எங்கே, 2016 முதல் யார் கேட்டார்கள், கணக்கு தராதவருக்கே அடுத்த தவணையை விடுவித்தது யார்’ என்ற கேள்விகள் கேட்கப்படாமலேயே போய்விடும். அவர் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான். இவற்றுக்கு ‘நிரூபி’ என்று பதில் சொல்ல முடியாது. நிரூபிக்கும் கடமை அவருடையது.

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது பற்றிய 2010 சி.ஏ.ஜி. அறிக்கையில் அரசுக்கு ஏற்பட்ட அனுமான இழப்பு 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை பல கணக்கீடுகளாக இருந்தது. ஊருக்குப் போனது மேல் எண் மட்டும், அதுவும் ‘சுருட்டிய தொகை’ என்ற பெயரில். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2017இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. இரண்டு தீர்ப்பையும் ஒன்றாக வைத்துப் பேச இன்றுவரை யாருக்கும் மனமில்லை. ஒதுக்கிய முறை சரியா என்பது ஒரு கேள்வி, லஞ்சம் வாங்கினார்களா என்பது வேறொரு கேள்வி.

கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் எழுபது வருடம் பின்னே போக வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்தான். 1957 ஜூனில், அரசுடைமையாகி ஒரு வருடமே ஆகியிருந்த எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. அதன் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே நடந்த காரியம். செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் கேள்வி போட்டார், நேரடியான பதில் வரவில்லை. நவம்பரில் திரும்பக் கேட்டார்கள், அப்போதும் மழுப்பல். டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி தேதியும் பங்கு விலையுமாக எடுத்து வைத்தார். இருவருமே ஆளும் காங்கிரஸ்காரர்கள், பெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன் என்பதையும் மறக்க வேண்டாம். (இன்றைக்கு ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் கட்சி அமைச்சரைப் பார்த்துக் கேட்கும் கடுமையான கேள்வி, “மாண்புமிகு அமைச்சர் எங்கள் தொகுதிக்கும் வருவாரா?” என்பதுதான்.) நீதிபதி சாக்ளா தலைமையில் ஆணையம் போட்டார்கள். தாம் ஒப்புதல் தரவில்லை என்றார் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர். தந்தார் என்றார் துறைச் செயலர். செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு என்றது ஆணையம். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

டி.டி.கே. பணத்தை எடுத்தார் என்று ஆணையம் சொல்லவில்லை. சபையில் கேட்டதெல்லாம் யார் வாங்கச் சொன்னது, எந்த விலைக்கு, எந்தத் தேதியில் என்பதுதான். பதவி போக அதுவே போதுமாக இருந்தது.

இப்போது நம்மூர்ச் சட்டப்பேரவைக் கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “எனது தொகுதியில் தடுப்பணை அமைக்க அரசு முன்வருமா?” “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.” “பேருந்து நிலையம் அமைக்க ஆவன செய்யுமா?” “கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை.” நன்றி சொல்லி, தலைவரைப் புகழ்ந்து, உட்காருகிறார்கள். உறுப்பினரை மட்டும் குறை சொல்ல முடியாது. தொகுதிக்கு என்ன கொண்டுவந்தார் என்றுதான் நாமும் ஓட்டுக் கேட்க வருபவரிடம் கேட்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய தடுப்பணையில் தண்ணீர் நிற்கிறதா என்று பேரவையில் கேட்டீர்களா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். பல நாள் ஐந்தாறு கேள்வி தேறினாலே அதிகம், அமளி என்றால் அதுவும் கிடையாது. ஆனால் அந்த 230க்கும் எழுத்தில் பதில் வருகிறது, இணையதளத்தில் கிடக்கிறது, யாரும் படிப்பதில்லை. உபயோகமான எண்கள் முக்காலும் அங்கேதான் இருக்கின்றன. “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்ற பதிலைக் கண்டால் கோபப்படாதீர்கள், குறித்து வையுங்கள். அது ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், பார்ப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு இருக்கிறது.

தணிக்கை அறிக்கையை நிதானமாக விசாரிக்கும் இடம் பொதுக் கணக்குக் குழு. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. நாடாளுமன்றத்தில் 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். கேமரா இல்லாததால் அங்கே யாரும் கத்துவதில்லை. துறைச் செயலர்தான் பதில் சொல்ல வர வேண்டும். சபையில் சிங்கம் போலப் பேசும் துறை, இந்தக் குழுவின் முன் பத்தி பத்தியாக வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களும் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும், அதுதான் பாடு.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஓர் அலுவலகத்துக்குப் போனால் முதலில் நாங்கள் தருவது அரைப் பக்கத் தாள், ‘ஹாஃப் மார்ஜின்’ என்போம். தாளை நெடுக்காக மடித்து, ஒரு பாதியில் எங்கள் கேள்வி. “விடுதிக் கட்டடம் முடிந்து இரண்டு ஆண்டாகியும் மாணவர் சேர்க்கப்படாதது ஏன்?” மறுபாதி காலி, அது துறையின் பதிலுக்கு. ஒரு மாவட்டத்தில் இப்படி ஒரு விடுதி பற்றிக் கேட்டேன். கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன, குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, குடிநீர் இணைப்புக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. மறுபாதியில் வந்த பதில்: “தணிக்கையின் கருத்து எதிர்கால வழிகாட்டுதலுக்காகக் குறித்துக்கொள்ளப்பட்டது.” பணம் முழுக்கச் செலவாகியிருந்தது. யு.சி.யும் ஒழுங்காக வந்திருந்தது! ஆக, யு.சி. வராததெல்லாம் திருட்டு இல்லை, வந்ததெல்லாம் நல்ல செலவும் இல்லை.

அந்த அரைப் பக்கம் ஆய்வறிக்கையாகி, வரைவுப் பத்தியாகி, துறைச் செயலருக்குப் போய், ஆறு வாரம் காத்திருந்து, அச்சேறி, ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வரும். அச்சான பிறகும் அது கேள்விதான். தண்டிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. பல பத்திகள் “அரசின் பதில் பெறப்படவில்லை” என்ற வரியோடு முடியும். என்னைக் கேட்டால் தலைப்புச் செய்தியாக வேண்டியது அந்த வரிதான்.

எனவே, தயவுசெய்து: கோடியைப் பார்த்ததும் விரலைத் திரைக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்த மாநிலம், எந்த ஆண்டு அறிக்கை, எந்தப் பத்தி என்று இல்லாத ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். அறிக்கைகள் சி.ஏ.ஜி. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கும்போது பெயரடையைக் கவனியுங்கள். ‘தவிர்த்திருக்கக்கூடிய செலவு’, ‘பயனற்ற செலவு’, ‘முடங்கிய நிதி’, ‘ஒப்பந்ததாரருக்குத் தகாத சலுகை’, ‘கையாடல்’ எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொரு சொல்லுக்காகவும் வரைவில் சண்டை போட்டிருப்போம். நீங்கள் எல்லாவற்றையும் ‘ஸ்வாகா’ என்று ஒரே சொல்லில் முடித்தால் எங்களுக்கு வலிக்காதா?

அமைச்சர் பேசும்போது மூன்று வினைகளைப் பிரித்துக் கேளுங்கள்: ஒதுக்கியது, விடுவித்தது, செலவழித்தது. “நூறு கோடி ஒதுக்கியிருக்கிறோம்” என்றால் நூறு கோடி செலவாகும் என்று பொருள் இல்லை. விடுவித்தது முப்பதாக இருக்கலாம், அதில் இருபது மார்ச் 31 அன்று வேறொரு வைப்புக் கணக்கில் ஏற்றப்பட்டு, ஏட்டில் செலவு என்று நிற்கலாம். (மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்துக்குப் போயிருக்கிறீர்களா? திருவிழாக் கூட்டம்தான்.)

உங்கள் எம்.எல்.ஏ.வுக்கோ எம்.பி.க்கோ மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்னாடையோடு ஒரு கேள்வியையும் எழுதிக் கொண்டுபோங்கள். அவருடைய உதவியாளருக்குக் கேள்வி தயாரிக்க நேரம் இருப்பதில்லை, நீங்கள் தந்தால் அப்படியே தட்டச்சாகிப் போகும். மக்களவைக்கு முழுதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி வந்ததுமே கொடுங்கள். இந்த வடிவம் போதும், துறைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்:

(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் இன்ன திட்டத்துக்கு ஒதுக்கிய, விடுவித்த, செலவழித்த தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு;

(ஆ) வரவேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ்கள் எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்த ஆண்டுக்குரியது;

(இ) செலவாகாத தொகை இன்று எந்தக் கணக்கில் இருக்கிறது;

(ஈ) முந்தைய தொகைக்குச் சான்றிதழ் தராத அமைப்புகளுக்கு மறு தவணை விடுவிக்கப்பட்டதா, ஆம் எனில் யாருடைய ஆணையின் பேரில்?

(ஈ)யை விட்டுவிடச் சொல்லி யாராவது அன்பாகக் கேட்பார்கள். விடாதீர்கள்.