"காத்து அடிச்சுச்சு மேடம், வெயிலே தெரியல"

இந்தக் கோடையில் வெயிலில் நெடுந்தூரம் பைக் ஓட்டி, உடம்பில் நீர் வற்றி, இதே கதையோடு என்னிடம் வந்த ஆறாவது ஆள் அந்தத் தம்பி. இனியும் கிளினிக்கில் ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு, ராத்திரி ஒன்பதரை மணி. கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரத்தில் இரண்டு பையன்கள் மூன்றாமவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்துநாலு. விடிகாலை மதுரையில் கிளம்பி, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போயிருக்கிறார்கள். திரும்பும்போது வந்த வழியே வராமல், "கடற்கரைப் பக்கம் ரோடு காலியா இருக்கும்" என்று சாயல்குடி போய், அங்கிருந்து பெருநாழி, அருப்புக்கோட்டை சுற்றி வந்திருக்கிறார்கள். மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில். கொளுத்துகிற வெயிலில்.

அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. நின்று இளைப்பாற ஒரு புளியமரம் கிடைக்காது. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் டீக்கடைகூட இல்லாத நீளமான பாதை.

பையனுக்குக் கெண்டைக்கால் இரண்டும் சுருட்டிப் பிடித்திருந்தது. நாலு முறை வாந்தி. கருப்பு டி-ஷர்ட்டின் முதுகில் உப்புப் பூத்து, வெள்ளை வெள்ளையாக வரி வரியாக இருந்தது. சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"கடைசியா எப்ப தம்பி ஒண்ணுக்குப் போன?"

"காலையில மேடம். பரமக்குடியில."

பிடித்துத் தரச் சொன்னேன். இரண்டு மூடி அளவுக்குத்தான் வந்தது. பால் ஊற்றாத டிகாக்ஷன் நிறம். நண்பனின் பையில் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது.

"தாகமே எடுக்கல மேடம். வண்டி ஓடுறப்ப காத்து நல்லா அடிச்சுச்சு, வேக்காடே தெரியல."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! காற்று அடித்தால் உடம்பு குளிரும் என்பது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆளைச் சாய்க்கிறது.

வெயில் காலத்தில் நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று 28 டிகிரியாக இருந்தால் அது உங்கள் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மதுரையில் மே மாத மதியம் 40 டிகிரி என்றால், அந்தக் காற்று உங்களைவிடச் சூடு. எழுபதில் போனாலும் எண்பதில் போனாலும் அது உங்களுக்குச் சூட்டைக் கொடுக்கிறதே தவிர எடுத்துக்கொண்டு போவதில்லை. அதோடு தாரிலிருந்து ஏறும் அனல், காலுக்கடியில் என்ஜின் சூடு. அப்புறம் ஏன் குளிர்ச்சியாகத் தெரிந்தது? வேர்வை காய்ந்ததால். மண்பானைத் தண்ணீர் குளிர்வது பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாவதால்தானே? உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பானை குளிரும். தண்ணீர் தீர்ந்த வெறும் பானையை அதே காற்றில் வைத்துப் பாருங்கள், அந்தக் காற்றின் சூடுதான் அதற்கும்.

வண்டி ஓட்டுகிறவருக்கு இன்னொரு ஏமாற்று இருக்கிறது. வயலில் நிற்கிறவருக்கு வேர்வை வழிகிறது, துடைக்கிறார், "யப்பா, என்னா வெயில்" என்று செம்பை எடுக்கிறார். உங்களுக்கு வேர்வை வெளியே வந்த கணமே காற்று அதை உறிஞ்சிவிடுகிறது. நெற்றி காய்ந்திருக்கும், சட்டை காய்ந்திருக்கும், அதனால் வேர்க்கவேயில்லை என்று நினைக்கிறீர்கள். மணிக்கு ஒரு லிட்டர்கூட உடம்பை விட்டுப் போயிருக்கலாம். சாட்சி அந்தச் சட்டையில் இருந்த உப்புதான். தாகத்தை நம்பாதீர்கள். அது பின்தங்கித்தான் வரும்.

சரி, நீர் வற்றியது மட்டும் என்றால் அந்தத் தம்பியை இரண்டு பாட்டில் சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வேறொன்றும் நடந்திருக்கிறது. வழியில் ஒரு ஊரில் முதுகு வலிக்கிறதென்று மெடிக்கலில் நிறுத்தி "செட் மாத்திரை" வாங்கிப் போட்டிருக்கிறான். சாயங்காலம் வலி விடவில்லை என்று இன்னொரு செட். காகிதத்தில் மடித்துக் கொடுத்த அந்த நாலு மாத்திரையில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரும்பாலும் அதில் ஒரு வலிமாத்திரை, டைக்ளோஃபினாக் மாதிரி ஒன்று, இருக்கும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து தவிக்கும். அந்த நேரத்தில் வலிமாத்திரை அதற்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ரத்த ஓட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கும். மறுநாள் காலை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.8. அந்த வயதுப் பையனுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஐந்து நாள் படுக்கையில் இருந்தான். சரியாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படிச் சரியாகும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

செட் மாத்திரையில் அடிக்கடி சளி, அலர்ஜி மாத்திரையும் ஒன்று கலந்திருக்கும். அது தூக்கத்தைக் கொண்டுவரும். போட்டுக்கொண்டு நாலு வழிச்சாலையில் ஏறுவது என்ன தைரியம் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டிப் பயணத்தில் வலித்தால் இறங்கி, நிழலில் படுங்கள். வலிமாத்திரையே வேண்டாம். தாங்கவே முடியாவிட்டால் பாராசிட்டமால், அதுவும் தண்ணீர் நிறையக் குடித்த பிறகு.

ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது தண்ணீரும் சேர்ந்து போகும்) நீண்ட பயணத்துக்கு முன் உங்கள் டாக்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர் விஷயம். மற்றவர்கள் வெயிலில் ஓட்டும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு. ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பது வேண்டாம், மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். முதுகில் மாட்டும் குழாய் வைத்த தண்ணீர்ப்பை வாங்கிவிட்டால் நிறுத்தாமலே உறிஞ்சலாம்.  மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது தப்பு. பெட்டிக்கடையில் டப்பாவில் விற்கிற பழச்சுவை பானம் எல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. பொட்டலம் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதுவும் இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம். நம் பாட்டிகள் களத்துக்குத் தூக்கில் கொண்டுபோனது வேறென்ன?

பெண்களிடம் இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் உயர்வதில்லை. காரணம் எனக்கே தெரியும். பின்னால் உட்கார்ந்து குழந்தையையும் பிடித்துக்கொண்டு வரும் பெண், வழியில் ஒதுங்க இடமிருக்காதே என்று முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறாள். இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு வந்துவிடுகிறது. என்னிடம் வருவதற்குள் வீட்டில் "சூடு பிடிச்சிருக்கு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, வெந்தயம் முழுங்கி ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள். கிருமித் தொற்று என்றால் எண்ணெய்க்குப் போகாதும்மா, சோதித்து மருந்து எடுக்க வேண்டும். வழிக்கு ஒரு யோசனை: பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம், சாவி கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிற ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். அவள் கேட்பாள் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு பங்க்கிலும் நீங்களே நிறுத்துங்கள்.

உடுப்பு. வெயிலுக்குக் கைவைக்காத பனியனோடு ஓட்டுவதுதான் சுகம் என்கிறார்கள். 40 டிகிரியில் திறந்த தோல் சூட்டை வாங்கும். முழுக்கைச் சட்டை, அதற்குள் நனைத்த பருத்தி பனியன், கழுத்தில் ஈரத்துண்டு. நிறுத்தும் இடத்திலெல்லாம் மறுபடி நனையுங்கள். துண்டின் முனை சக்கரத்துப் பக்கம் பறக்காதபடி சட்டைக்குள் செருகுங்கள்.

உட்காரும் வலிக்கு எல்லோரும் சீட்டைக் குறை சொல்லி ஜெல் சீட் மாட்டுகிறார்கள். மெத்தென்ற சீட் அரைமணி நேரத்துக்குச் சுகம், பிறகு இடுப்பு உள்ளே புதைந்து முதுகெலும்பின் நுனியே பாரம் சுமக்கும். கொஞ்சம் கெட்டியான சீட் நல்லது. எந்தச் சீட்டானாலும் 45 நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பு ஆகாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் ஹேண்டில்பாரை இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். டேங்கை முட்டியால் பிடியுங்கள், கையைத் தளர்த்துங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போவதை வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. இறங்கி நடந்தும் ஒரு மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பாவிட்டால் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. டீ வேலை செய்ய அரைமணி நேரம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு அங்கேயே பெஞ்சில் இருபது நிமிடம் கண் மூடுங்கள், எழுந்து ஓட்டுங்கள். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புவதைப் பயணம் என்று சொல்லாதீர்கள். விடியலுக்கு முன்னாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் உடம்பு தானாகவே கண்ணைச் செருகும்.

திட்டம் போடும்போது செல்போன் காட்டும் மணிக்கணக்கை நம்பிப் போடுகிறீர்கள். அதில் உங்கள் முதுகு இல்லை, வெயில் இல்லை. அது நாலு மணி நேரம் என்றால் ஆறு என்று எழுதுங்கள். பதினொன்று முதல் நாலு வரை வண்டி நிழலில் நிற்கட்டும். போடி மெட்டு, மேகமலைப் பக்கம் போகிறவர்களுக்கு வெயிலைவிட வேறு கணக்கு. தேனியில் வேர்த்த சட்டையோடு மேலே ஏறினால் குளிர்காற்றில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. காய்ந்த சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். இருட்டுவதற்குள் இறங்கும்படி கிளம்புங்கள். போகும் வழி எது, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் விழுந்தால் தேடி வருகிறவருக்கு அந்தச் சீட்டுத்தான் வழி காட்டும்.

கூட வருகிறவன் உளறினால், நடை தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது வெயில் மயக்கம் இல்லை, வெப்பவாதம். 40 டிகிரிக்கு மேல் ஏறிய சூடு மூளையைத் தாக்குகிற நிலை. முதல் வேலை நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுவது. ஊற்றிக்கொண்டே 108-க்கு அடியுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. நினைவு தெளிவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

அந்தத் தம்பி போன வாரம் மூன்றாவது முறையாக வந்தான். கிரியாட்டினின் 1.0. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவன் வாசலில் நின்று, "ஆடி அமாவாசைக்கு அம்மாவ ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும் மேடம், வண்டியில போலாமா?" என்றான். அம்மாவுக்குச் சர்க்கரை, நீர் மாத்திரையும் உண்டு. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது, அம்மாவை அதில் ஏற்றிக் கூட்டிப்போ என்றேன். அவன் தனியாக வண்டியில்தான் வருவேன் என்றால், முதல் நாள் ஒன்பது மணிக்குப் படுத்து, காலை ஐந்துக்குக் கிளம்பி, ராமநாதபுரத்தில் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்புவது மறுநாள் காலை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதையே எழுதி, கீழே இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். என்றும் எழுதிக் கொடுத்தேன்.