கட்டுப்பாடா, ஆற்றுகையா?

பெங்களூர் அல்சூரில் ஒரு குழந்தைநல முகாமில் தமிழ்த் துண்டறிக்கை கொடுத்தார்கள். தலைப்பு: ‘பச்சிளங்குழந்தைகளின் உணர்ச்சிக் கட்டுப்பாட்டில் பராமரிப்பாளர் இணைப்பு’. இந்தக் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை எத்தனை தடவைதான் பார்ப்பது! ஏழு மாதப் பிள்ளையோடு பக்கத்தில் இருந்த பெண் படித்துவிட்டு, “அழுதா உடனே தூக்கக் கூடாதுங்கறாங்களாண்ணா?” என்றார். அறிக்கை சொல்ல வந்ததோ நேர்மாறு.

‘கட்டுப்பாடு’ என்றானதன் மூலச்சொல் ஆங்கில ரெகுலேஷன்: உணர்ச்சியை ஏற்றியோ தணித்தோ அளவில் வைப்பது. லத்தீன் ‘ரெகுலா’ என்றால் நேர்கோல். வேர் அவ்வளவுதான்; அதை வைத்துக் குழந்தையை நிமிர்த்த முடியாது. உளமருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் அட்டாச்மென்ட் பற்றி, அதாவது குழந்தை தன்னை வளர்ப்பவரை விடாமல் நாடுவது பற்றி எழுதினார். உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், வெளியே போன தாய் திரும்பி வந்ததும் ஒரு வயதுக் குழந்தை எப்படி அமைதியாகிறது என்று கவனித்தார். இருவர் பேச்சிலும் குழந்தை தன்னை அடக்கிக்கொள்ளவில்லை. அடக்க மூளையின் முன்பகுதி வேண்டும். அது முதிர இருபது வயது தாண்டும். கட்டுப்பாடு வள்ளுவரின் அடக்கமுடைமைக்குச் சரி, தொட்டிலுக்குச் சரியில்லை.

‘ஒழுங்காற்று’ போடலாமே என்றார் மொழிபெயர்ப்பாளர் நண்பர். பெங்களூரில் அதைக் கேட்டால் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுதான் நினைவுக்கு வரும். பிள்ளையின் அழுகைக்கு எத்தனை கனஅடி திறப்பது? கன்னட அறிக்கையில் ‘நியந்த்ரண’ இருந்தால் இங்கே ‘கட்டுப்பாடு’ என்று ஒட்டிவிடுகிறார்கள். வீட்டில் பாட்டி என்ன சொல்வாள் என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டி ‘ஆத்து’ என்பாள். சூடான பாலை ஆற்றுகிறோம், பால் ஆறுகிறது. அழுகிற பிள்ளையை ஆற்றுகிறோம்; பல நூறு தடவை ஆற்றிய பிறகு அதுவே ஆறக் கற்கிறது. தேற்று, தேறு என்பதும் அப்படியே. முதலில் பிறர் செய்வது, பிறகு தானாக நடப்பது: உளவியலார் பக்கம் பக்கமாக விளக்குவதைத் தமிழ் ஒரு றகர இரட்டிப்பில் வைத்திருக்கிறது. ‘ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்’ என்கிறது கலித்தொகை; அலந்தவர் என்றால் துன்பத்தில் வாடுபவர்.

‘உணர்ச்சி ஆற்றல்’ என்றால் சக்தி என்று படித்துவிடுவார்கள், உண்மைதான். அதனால் ‘உணர்ச்சி ஆற்றுகை’. குழந்தையைச் சிரிக்கவைத்து உற்சாகமேற்றுவது இதில் அடங்காது. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ‘கட்டுப்பாட்டில்’ மட்டும் அடங்குகிறதா?

அட்டாச்மென்டுக்கு அறிக்கை போட்ட ‘இணைப்பு’ மின்னஞ்சலோடு போகிற கோப்பு. ‘பற்று’ துறவிகள் விடச் சொன்னது. வேறென்ன சொல் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எங்கிட்ட ரொம்ப ஒட்டுதல்ண்ணா, அவங்க அப்பாகிட்டகூடப் போகமாட்டான்.”