பல்லைக் காட்டினால் சிரிப்பாகிவிடாது

போன வருஷம் ஒரு விளம்பரத்துக்காக, வெற்றிலை மெல்லும் பாட்டி ஒருத்தியைக் கணினியில் செய்தேன். சுருக்கம், மூக்குத்தி, நரை எல்லாம் அச்சு அசல். சிரிக்க வைத்து, கும்பகோணத்து வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். "பல்லைக் காட்டுறா, சிரிக்கலையேடா" என்றார்.

வாயோரத்தை மட்டும் இழுத்துவிட்டிருந்தேன். மனசாரச் சிரிக்கும்போது கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்கு வரும் தசையோடு, கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சுருங்கும். முன்னது நாம் சொன்னபடி கேட்கும், பின்னது உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்று 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் எழுதினார். முகத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர் அவர். ஆனால் தேர்ந்த நடிகர்கள் அந்தக் கண்ணோரத்தையும் வசப்படுத்திவிடுவார்கள். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் ஆண்களைக் கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

முகத் தசைகளில் பலவற்றுக்கு ஒரு முனை எலும்பில், மறுமுனை தோலில். கணினி வரைகலை ஆய்வாளர் கீத் வாட்டர்ஸ் 1987-இல் இதைக் கணினிக்கான கணக்காக்கினார். எலும்பு முனை நகராது. தசை சுருங்கினால் சுற்றியுள்ள தோல் புள்ளிகள் அந்த எலும்பு முனையை நோக்கி இழுபடும். தள்ளிப் போகப் போக இழுப்பு குறையும். வாயைச் சுற்றிய தசை வேறு ரகம். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை மாதிரி, நடுவை நோக்கிக் கூம்பும்.

அப்புறம் கண்ணாடி முன்னால் நானே வெற்றிலை போட்டு மென்றேன், சிரித்தேன். கன்னம் மேலே ஏறி, கீழிமை கொஞ்சம் தூக்கியது. அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. "இப்ப சிரிக்கிறா. ஆனா வெத்தலை போட்டவளுக்கு நாக்கு சிவக்க வேணாமா?" என்றார் அம்மா. அதையும் திருத்தினேன்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், 'மூன்றே மாதத்தில் அனிமேட்டர்' நோட்டீஸ்கள். அங்கே படித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ரெடிமேட் முகத்தில், திரையில் இருக்கும் ஸ்லைடர் என்ற நகர்த்து குமிழைத் தள்ளத்தான் தெரிகிறது. சிரிப்பு ஒரு ஸ்லைடர், மெல்லுவது ஒரு ஸ்லைடர். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் உதடு கோணிக்கொண்டு எங்கோ போகிறது. ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: மண்டையோட்டை வரையச் சொல்லித் தருவீர்களா? பதில் வரவில்லை என்றால், பர்ஸை எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.