பைசா இடிக்கும் பில் கணக்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ திருப்பூர் நூல் கடைக்கோ பில் போடும் மென்பொருளில் இந்தச் சிக்கல் அடிக்கடி தலைகாட்டும். தனித்தனி பில்லெல்லாம் சரியாக இருக்கும். மாதக் கூட்டுத்தொகை மட்டும் பைசாக் கணக்கில் இடிக்கும். கூட்டும் நிரலைக் குடைவதற்கு முன், டேட்டாபேஸில் தொகை எந்த வகை ஃபீல்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளோட் (பின்ன எண்களைத் தோராயமாக வைக்கும் வகை) என்றிருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

நம் கீழ்வாய் இலக்கத்தில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவோம். ஃப்ளோட்டும் பின்னத்தை அப்படித்தான் வைக்கிறது. அரைக்கால் ரூபாய், அதாவது 12.5 பைசா, அதில் கச்சிதமாக அடங்கும். பத்தில் ஒரு பங்கு அடங்காது. எத்தனை பாதிகளைச் சேர்த்தாலும் கொஞ்சம் கூடும், அல்லது குறையும்.

1,50,000.10 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32 பிட் ஃப்ளோட்டில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட். இவ்வளவு பெரிய தொகைக்கு அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி 1/64 ரூபாய், ஒன்றரைப் பைசாவுக்கும் மேல். அதனால் உள்ளே பதிவாவது 1,50,000.09375. திரையில் ஒரே தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டினால் 1,50,000.1 என்றே தெரியும், குறை கண்ணுக்குத் தட்டுப்படாது. இதேபோல் நூறு பில் சேர்ந்தால் 62.5 பைசா குறையும்.

பணத்துக்கு உரியது டெசிமல்(12,2), அதாவது மொத்தம் 12 இலக்கம், அதில் 2 தசம இடத்துக்கு. அது பத்தடிமானக் கணக்கிலேயே நிற்கும். ஆனால் ஃபீல்டின் வகையை மாற்றினால் மட்டும் போன பைசா திரும்பாது. தேய்ந்த எண்தான் புது வகைக்கும் போகும். பழைய பில்களைப் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. எடைக்கு மூன்று தசம இடம் வையுங்கள். இரண்டு வைத்தால் 47.365 கிலோ 47.37 ஆகிவிடும். தோட்டத்து ஈரப்பதத்தை அளக்கும் சென்சாருக்கு ஃப்ளோட் தாராளமாகப் போதும்; கருவியின் பிழையே இதைவிடப் பெரிது.

வாடிக்கையாளர் பலருக்கும் 2147483647 என்ற ஒரே ஃபோன் நம்பர் தெரிகிறதா? அது இன்டீஜர் என்ற முழு எண் வகையின் உச்ச வரம்பு. 9-இல் தொடங்கும் கைபேசி எண் அதற்குள் அடங்காது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான) முறையில் இருந்தால் பிழை காட்டி நிறுத்தும். இல்லையென்றால் வரம்பை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை போட்டால் கைபேசி எண் அடங்கும், ஆனால் ஈரோட்டின் தொலைபேசிக் குறியீடு 0424 வெறும் 424 ஆகும். ஃபோன் நம்பரை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. அதை வார்சார் என்ற எழுத்து வகையில் எழுத்தாகவே வையுங்கள்.