தேங்காய் எண்ணெய் மீது விழுந்த பழி

தக்கலையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு முகமும் காலும் வீங்கின. இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 380 என்று வந்தது. அன்றே பெரியம்மா அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயை அகற்றிவிட்டார். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைப்பதும் நின்றது. மருத்துவர் கேட்டதோ வேறு கேள்வி: "சிறுநீர் நுரைக்கிறதா?" பல மாதங்களாக நுரைத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் மிகப் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. குளச்சல் மீனவர்களின் வலையைப் போல இங்கேயும் கண்ணியின் அளவுதான் முக்கியம். நீர், உப்பு, யூரியா நழுவலாம். ஆல்புமின் என்ற புரதம் நழுவக் கூடாது. நீரிழிவு போன்ற நோய்கள் கண்ணியைச் சிதைத்தால் ஆல்புமின் வெளியேறுகிறது. அந்த நுரை அதனால்தான். பெரியப்பாவுக்கு ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய்க்கொண்டிருந்தது.

இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் முனைகிறது. ஆல்புமினோடு நிற்காமல், கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்களையும் மிகுதியாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அதே வேளையில், இரத்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் தளர்ந்துவிடுகிறது. உற்பத்தி கூடிச் செலவு குறைந்ததால் வந்ததுதான் அந்த 380. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதையும், அளவு தேவை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை முழுவதும் அதன் தலையில் கட்டுவது தவறு. அப்படிக் கட்டினால் கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

ஏறிய கொழுப்பு சிறுநீரகத்தையே திரும்பத் தாக்கக்கூடும் என்று 1982இல் மூர்ஹெட்டும் உடன் ஆய்வாளர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். வடிகட்டியின் செல்கள் கெட்ட கொழுப்பை விழுங்கி நுரைபோல் உப்புகின்றன. ஆல்புமினும் தனியாகப் போவதில்லை. கொழுப்பு அமிலங்களைச் சுமந்துகொண்டுதான் போகிறது. அதை மீட்க முயலும் சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் அந்தச் சுமையால் அழற்சி அடைகின்றன, நாளடைவில் அங்கே வடு விழுகிறது. கசிவு கொழுப்பைக் கூட்ட, கொழுப்பு கசிவைக் கூட்டுகிறது.

புரதம் அதிகம் கசியாமல் மெல்லச் செயலிழக்கும் சிறுநீரகங்களில் கதை மாறுகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருக்கலாம்; டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கியிருக்கும். அறிக்கையில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்பே இதய நோயால் இறக்கிறார்கள். 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 17 சதவீதம் குறைத்தன. சிறுநீரகம் பழுதாகும் வேகத்தை அவை குறைக்கவில்லை.

அதனால்தான் பெரியப்பாவுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது புரதக் கசிவைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரை. கொழுப்பைக் குறைத்து இதயத்தைக் காக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அதற்கு அடுத்த வரியில் இருந்தது.