நெற்பூ திறக்கும் ஒரு மணி நேரம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “2016-இல் எங்கள் சம்பாப் பயிர் செத்துவிடவில்லை. இரண்டு வாரம் வாடிக் கிடந்தது. பிறகு ஒரு மழை பெய்ததும் பச்சை பிடித்துக்கொண்டது, கதிரும் தள்ளியது. உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். பிழைத்த பயிர் ஏன் விளையவில்லை?”

காவிரிக் கடைமடை உழவருக்கு வானம் இரண்டு. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூரை நிரப்ப வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை வயலிலேயே விழ வேண்டும். 2016-இல் இரண்டும் கைவிட்டன. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் அணை செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் 44 செ.மீ. மழையில் 17 செ.மீ. கூடத் தேறவில்லை. டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலும் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. 2017 ஜனவரியில் மாநிலத்தில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன.

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிய நீர் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எல் நினோ என்றாலே வறட்சி என்ற பேச்சு தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழைக்குக் கதை தலைகீழ். எல் நினோ ஆண்டுகளில் வங்கக் கடலிலிருந்து நம் கரைக்கு ஈரம் சுமந்துவரும் கீழைக்காற்று வலுக்கிறது. 2015 பெருவெள்ளம் அப்படிப்பட்ட ஆண்டில்தான் வந்தது. 2016 கடைசியில் நிலவியது லேசான லா நினா. இதைக் கல்லில் பொறித்த விதியாகக் கொள்ளக் கூடாது. 2021-இல் லா நினா இருந்தும் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. ஆனாலும் டெல்டாவின் இக்கட்டு இதில் தெரிகிறது: எல் நினோ அணைக்கு வரும் நீரில் கை வைக்கும், லா நினா வயலில் விழும் மழையில்.

இனி வாசகரின் வயலுக்கு வருவோம். நெல் பூப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு நெல்மணியும் முதலில் ஒரு பூ. பின்னாளில் உமியாகப் போகும் இரண்டு மடல்களும் விளிம்போடு விளிம்பு கோத்துப் பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறப்பது எது? பூவின் அடியில் கடுகைவிடச் சிறியதாக இரண்டு செதில்கள் ஒளிந்திருக்கின்றன. காலை ஒன்பது, பத்து மணிக்கு அவை மளமளவென்று தண்ணீரை இழுத்து உப்புகின்றன. அந்த உப்பல் நெம்பியதும் உமி வாய் திறக்கிறது. ஆறு மகரந்தப் பைகள் இழை நீண்டு வெளியே வந்து தொங்குகின்றன. தசையோ கீலோ இல்லாத ஒரு கதவைத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே திறக்கிறது! நான் எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செதில்கள் நீர் வற்றிச் சுருங்க, உமி மூடிக்கொள்கிறது. அந்தப் பூ மறுபடி திறக்காது. மகரந்தத் தூளுக்கோ ஆயுள் சில நிமிடங்கள்தான்.

கதவு திறந்தாலும் உள்ளே சரக்கு இருக்க வேண்டுமே. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாக, கதிருக்கு முன் கடைசியாக விரியும் கண்ணாடி இலையின் உறைக்குள் தொண்டைக்கதிராக, அதாவது வெளிவராத இளங்கதிராக இருக்கும்போது, மகரந்தத் தூள் உருவாகத் தொடங்குகிறது. இலையிலிருந்து வரும் சர்க்கரையை உடைத்து, மாவுச்சத்தாக மாற்றி, அது தனக்குள் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் பயிர் வாடினால், சர்க்கரையை உடைக்கும் நொதி முடங்கிப்போகிறது. அயோடின் கரைசலில் தூளைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: நல்ல தூள் கருநீலமாக, குண்டாக இருக்கும், கெட்டது வெளிறிச் சப்பையாகக் கிடக்கும். பூவின் சூலகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கருவூட்டத்தான் ஆள் இல்லை. போதாக்குறைக்கு, கதிர்க்காம்பு நீளாமல் அடிப்பகுதி மணிகள் உறைக்குள்ளேயே சிக்கி வீணாகின்றன.

வாசகரின் பயிர் வாடிய இரண்டு வாரம் இந்த நாட்களில்தான் விழுந்திருக்க வேண்டும். பிறகு பெய்த மழை இலையை மீட்டது. கெட்டுப்போன மகரந்தத்தை மீட்க எந்த மழையாலும் முடியாது.

நெடுங்காலம் நெல் ஆராய்ச்சியாளர்களும் வறட்சியில் இலை எப்படிச் சுருள்கிறது, பயிர் பிழைக்கிறதா என்பதையே அதிகம் அளந்தார்கள். பூக்கும் பருவத்தில் நீரை நிறுத்தி, கடைசியில் கிடைக்கும் நெல்லையே எடைபோட்டு ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை 2000-க்குப் பிறகுதான் வலுப்பெற்றது. நம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையமும் வறட்சி தாங்கும் அண்ணா 4 ரகத்தை 2009-இல் தந்திருக்கிறது. இந்த வேலைக்கு மழையை மறைக்கும் கூரையுள்ள சோதனை வயல்கள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் எண்ணிப் பார்க்கும் ஆட்கள் வேண்டும். பயிர் போன பிறகு நிவாரணம் கொடுப்பது கடமை, அதில் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு சிறு பங்கையாவது ஆண்டுதோறும் இந்த வயல்களுக்கு ஒதுக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: முறைத் தண்ணீர் ஒரு தடவைதான் வரும் என்றால் எப்போது பாய்ச்சுவது? கண்ணாடி இலை முழுதாக விரிந்ததும் அதன் உறையை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே உருண்டு பருத்துத் தெரிந்தால், அந்த வயலுக்கு முதலில் மடையைத் திறந்துவிடுங்கள்.